ஓடும் மோட்டாரை நிறுத்தாமல் எட்டிப் பார்ப்பது

கோவையில் மோட்டார் கட்டுப்பாட்டுப் போர்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள் நான். எங்கள் வேலையில் ஒரு போர்டைக் கருக்குவது மிக எளிது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கும் சிப்பை ‘நில்’ என்று சொன்னால் போதும். சிப் நின்றுவிடும். ஆனால், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் கடைசியாகக் கிடைத்த உத்தரவையே பிடித்துக்கொண்டிருக்கும். மின்னோட்டத்தைக் கவனிக்க ஆள் இல்லை. அது ஏறிக்கொண்டே போய் டிரான்சிஸ்டர் வெடிக்கும்.

மற்ற மென்பொருள்காரர்கள் பிழை தேடும்போது நிரலை நடுவில் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. சிப் ஓடும்போதே அதன் நினைவகத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. டீபக் புரோப் என்போம். ஒரு பக்கம் லேப்டாப்புக்குப் போகும் யூ.எஸ்.பி. கேபிள், மறுபக்கம் போர்டுக்குப் போகும் சில மெல்லிய கம்பிகள். சிப்புக்குள் புதிய நிரலை ஏற்றுவதும் இதன் வழியாகத்தான். பலரும் இதை வெறும் கேபிள் என்றே நினைக்கிறார்கள். எனக்கோ, மேசையில் இருக்கும் கருவிகளிலேயே முக்கியமானது அதுதான்.

இந்தக் கம்பிகளின் கதை போர்டில் உள்ள ஈயப்பற்றுகளைச் சோதிப்பதில் தொடங்கியது. சிப்புகளின் கால்கள் நெருக்கமாகி, ஊசி வைத்துத் தொட்டுப் பார்க்க முடியாமல் போனபோது, 1985-இல் சில நிறுவனங்கள் சேர்ந்து ஜேடேக் என்ற குழுவை அமைத்தன. அவர்கள் வகுத்த முறை 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரநிர்ணயமானது. நான்கு கம்பிகள், சிப்புக்குள் 16 நிலைகள் கொண்ட ஒரு சிறு இயந்திரம். சோதனைக்காக வந்த அந்த வாசலைத்தான் பிறகு நிரல் ஏற்றவும் பிழை தேடவும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆர்ம் நிறுவனம் பின்னால் அதை இரண்டே கம்பிகளாகச் சுருக்கியது. அதன் பெயர் எஸ்.டபிள்யூ.டி. ஒரு கம்பி கிளாக் துடிப்புக்கு, இன்னொன்று தரவு போகவும் வரவும்.

இந்த இரண்டு கம்பிகளில் ஒரே ஒரு எண்ணைப் படிப்பதற்கு நடப்பது இது: புரோப் 8 பிட் கோரிக்கை அனுப்பும். பேச்சு கைமாற ஒரு துடிப்பு. சிப் 3 பிட்டில் பதில் சொல்லும்: ‘சரி’, ‘பொறு’ அல்லது ‘தவறு’. ‘சரி’ என்றால் 32 பிட் தரவும் ஒரு சரிபார்ப்பு பிட்டும் வரும். மறுபடி கைமாற ஒரு துடிப்பு. மொத்தம் 46 துடிப்புகள். கிளாக் 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 11.5 மைக்ரோசெகண்ட். அவ்வளவுதான்.

சிக்கல் கம்பியில் இல்லை, யூ.எஸ்.பி.யில் இருக்கிறது. ஃபுல் ஸ்பீடு யூ.எஸ்.பி. ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கிளம்பும் டவுன் பஸ் மாதிரி. எத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஒருவர் போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவரை அனுப்புவேன் என்றால் நாள் போய்விடும். ஒவ்வொரு எண்ணுக்கும் ‘சரி’யா ‘பொறு’வா என்று லேப்டாப்பே பார்த்து முடிவெடுத்தால், 64 கிலோபைட் நினைவகத்தைப் படிக்க, அதாவது 16,384 எண்களுக்கு, 16 செகண்டுக்கு மேல் ஆகும். அதே முடிவைச் சிப்புக்குப் பக்கத்திலேயே எடுத்தால் 0.2 செகண்டுக்குள் முடிந்துவிடும். புத்தி லேப்டாப்பில் இருக்கக் கூடாது, கம்பியின் முனையில் இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

அங்கேதான் நிரலாக்கத் தருக்கச் சிப்புகள் வருகின்றன. சாதாரண பிராசஸர் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். சி.பி.எல்.டி., எஃப்.பி.ஜி.ஏ. எனப்படும் இந்த வகைச் சிப்புகளில் கட்டளை வரிசையே இல்லை. சின்னச் சின்னத் தருக்கக் கட்டங்களும், அவற்றை எப்படி வேண்டுமானாலும் இணைக்கக்கூடிய உள்வயரிங்கும் இருக்கும். எந்தக் கட்டம் எதனோடு சேர வேண்டும் என்பதை நாம் எழுதி ஏற்றுகிறோம். அதன் பிறகு அந்தச் சிப் நாம் வரைந்த சுற்றாகவே மாறிவிடுகிறது. எல்லாக் கட்டங்களும் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

இதற்குப் பெரிய சிப் தேவையில்லை. ஆல்டெராவின் யூ.எஸ்.பி. பிளாஸ்டர் புரோப்பைப் பொறியியல் மாணவர்கள் பலர் கையில் பிடித்திருப்பார்கள். அதன் பழைய வடிவத்தில் யூ.எஸ்.பி.க்கு ஒரு எஃப்.டி.டி.ஐ. சிப், பக்கத்தில் 64 மேக்ரோசெல், அதாவது தருக்கக் கட்டம், மட்டுமே உள்ள ஒரு சி.பி.எல்.டி. இருக்கும். லேப்டாப்பிலிருந்து வரும் பைட்டின் தலை பிட் 0 என்றால் மற்ற பிட்டுகள் நேராகக் கம்பிகளை ஏற்றி இறக்கும். 1 என்றால், அந்த பைட்டே அடுத்து எத்தனை பைட் வரப்போகிறது என்பதையும் சொல்லிவிடும், சி.பி.எல்.டி. தானே துடிப்பு கொடுத்து அவற்றை வெளியே தள்ளும். இந்தச் சிக்கனத்தை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

புரோப்புக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலரை வைத்தாலும் நிரல் ஏற்றும் வேலை நன்றாகவே நடக்கும். மலிவான புரோப்புகள் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அது கம்பியைக் கவனிக்கும் நேரத்தில் யூ.எஸ்.பி. கூப்பிட்டால் அங்கேயும் ஓட வேண்டியிருக்கும். படிக்கும் தருணம் கொஞ்சம் முன்பின்னாகும். மோட்டாருக்கு அது உதவாது. எங்கள் டிரைவ் 20 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, அதாவது 50 மைக்ரோசெகண்டுக்கு ஒரு சுழற்சி. லேப்டாப்பிலிருந்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்த்தால் இருபது சுழற்சியில் ஒன்றுதான் கண்ணில் படும்.

முழு வேகத்தை நெருங்கும்போது ஒரு போர்டு காரணமே இல்லாமல் ‘ஓவர்கரண்ட்’ (மின்னோட்டம் மிகுதி) என்று நின்றுகொண்டிருந்தது. லாட்டிஸின் ஐஸ்40 எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்றில் எஸ்.டபிள்யூ.டி. பேசும் சுற்றை வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதினேன். 50 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை மின்னோட்ட எண்ணைப் படி, நேரத்தைக் குறி, சேர்த்து வை, மொத்தமாக லேப்டாப்புக்கு அனுப்பு என்பதுதான் அதன் வேலை. எங்கள் போர்டில் இருக்கும் கார்டெக்ஸ்-எம் வகைச் சிப்புகளில் பிராசஸரை நிறுத்தாமலே நினைவகத்தைப் படிக்கலாம் என்பதால் மோட்டார் பாட்டுக்கு ஓடியது. வரைபடத்தில் ஒரே ஒரு சுழற்சிக்கு மட்டும் எண் ஈட்டிபோல் உயர்ந்து, அடுத்த சுழற்சியிலேயே பழைய இடத்துக்கு வந்தது. நிஜ மோட்டாரில் மின்னோட்டம் அப்படித் தாவாது. வேகம் கூடக் கூடக் கீழ் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும் நேரம் குறுகிக்கொண்டே போகும். நாங்கள் மின்னோட்டத்தை அளப்பது அந்த இடைவெளியில்தான். இடைவெளி போதாமல், டிரான்சிஸ்டர் மாறும் இரைச்சலின் நடுவே அளவு எடுக்கப்பட்டிருந்தது. அளக்கும் தருணத்தை நகர்த்தியதும் போர்டு சாதுவாகிவிட்டது.

முன்பெல்லாம் இப்படி ஒரு சுற்றை எழுத உற்பத்தியாளரின் கனமான மென்பொருளையே நம்பியிருக்க வேண்டும். 2015-இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் ஐஸ்40 சிப்பின் உள்ளமைப்பு வடிவத்தை ஆராய்ந்து வெளிப்படையாக்கியது. அதனால் கட்டற்ற கருவிகளைக் கொண்டே இன்று எல்லாம் செய்ய முடிகிறது. கிளாஸ்கோ என்ற திறந்த வன்பொருள் கருவி இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. 7,680 தருக்கக் கட்டங்கள் கொண்ட ஐஸ்40 எச்.எக்ஸ்.8கே உள்ளே இருக்கிறது. இன்று ஜேடேக் பேச வேண்டுமா, அதற்கான சுற்றை லேப்டாப் அப்போதே உருவாக்கி ஏற்றிவிடும். நாளை யாரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய மெமரி சிப்பைப் படிக்க வேண்டுமா, அதே கருவி வேறு சுற்றாகிவிடும். ஒரே நிறுவனத்தின் சிப்போடு மட்டும் பேசி, அந்தச் சிப் ஓய்ந்ததும் குப்பைக்குப் போகும் புரோப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். மாற்றி எழுத முடிவது என்பது எனக்குச் சொகுசு அல்ல, கருவியின் ஆயுள்.

வெரிலாக் மிரட்டுகிறதென்றால் 2021-இல் நான்கு டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோவில் தொடங்கலாம். அதன் ஆர்.பி.2040 சிப்பில் பி.ஐ.ஓ. என்று இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு குட்டி இயந்திரங்கள். அவற்றுக்குத் தெரிந்த கட்டளைகள் ஒன்பதே. நால்வருக்கும் சேர்த்து 32 கட்டளைகளுக்குத்தான் இடம். இது முழு எஃப்.பி.ஜி.ஏ. அல்ல. ஆனால் ஒவ்வொரு கட்டளையும் சரியாக ஒரு துடிப்பில் முடியும், பிராசஸர் வேறு வேலையில் இருந்தாலும் கம்பியின் தாளம் தப்பாது. பைக்கோவையே புரோப்பாக்கும் மென்பொருளை ராஸ்பெர்ரி பை இலவசமாகத் தருகிறது. எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு பைக்கோவும் மூன்று கம்பிகளும் கொடுக்கிறேன்: கிளாக், தரவு, கிரவுண்ட். ஒன்று புரோப், மற்றது நோயாளி. முதலில் அந்த 46 துடிப்புகளையும் லாஜிக் அனலைசரில் பிடித்து, ‘சரி’ என்ற மூன்று பிட் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் மோட்டார் பக்கம் விடுவேன்.