தோலை உரித்தால் நோய் போய்விடுமா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் வரை எட்டு சீசன்களாக, 73 பகுதிகளாக வந்த கற்பனைத் தொடர். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய நாவல் வரிசையை வைத்து எடுத்தது. ராஜ்ஜியங்கள், டிராகன்கள், சூழ்ச்சி, கொலை, எல்லாம் உண்டு. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற சமாசாரம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சித்த வைத்தியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்கிறேன்.

இந்தத் தொடரின் ரசிகர்கள் பார்த்ததோடு விடுகிறவர்கள் இல்லை, பேசித் தீர்க்கிறவர்கள். அவர்களில் இரண்டு கட்சி. நாவலைப் படித்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஒரு கட்சி, படிக்காமல் பார்ப்பவர்கள் இன்னொரு கட்சி. ஒரு கல்யாண விருந்தில் கூட்டத்தோடு கொலை நடக்கிற கட்டம் 2000-ல் வெளிவந்த மூன்றாவது நாவலிலேயே இருந்தது. படித்தவர்கள் பதின்மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 2013 ஜூனில் அது திரையில் வந்த அன்று, வீட்டில் மற்றவர்கள் அலறியதைப் படம் பிடித்து ரசித்தார்களாம்! 'பொன்னியின் செல்வன்' படம் 2022-ல் வந்தபோது நம் வீடுகளில் பெரியவர்கள், "கதையில் இப்படி இல்லையே" என்று குறுக்கே பேசிக்கொண்டே பார்த்தார்கள் அல்லவா, அந்த மாதிரிதான்.

அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விவாதம் மருத்துவம் சம்பந்தப்பட்டது. கதையில் 'கிரேஸ்கேல்' என்று ஒரு நோய். சாம்பல் செதில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தோல் கல் மாதிரி இறுகி, வெடித்து, மரத்துப் போகும். தொட்டால் ஒட்டும். முற்றினால் புத்தி பேதலித்துவிடும். நோய் வந்தவர்களை 'கல் மனிதர்கள்' என்று சொல்லி, இடிந்து போன ஒரு நகரத்துக்குத் துரத்தி விடுவார்கள். இது நிஜத்தில் எந்த நோய்? தொழுநோய் என்பார் ஒருவர். பெரியம்மை என்பார் இன்னொருவர். சோரியாசிஸ்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. இந்தக் கடைசி ஆசாமிகளால்தான் நான் பேனாவை எடுத்தேன்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொழுநோய் என்பவர்களின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 2011-ல் வந்த ஐந்தாவது நாவலில் டிரியன் என்ற குள்ள மனிதன் நோய் உள்ள ஆற்றில் விழுந்து எழுகிறான். அதற்குப் பிறகு கத்தி முனையால் கை, கால் விரல்களைக் குத்திக் குத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்கிறான். குத்தினால் வலிக்கிறதா? அப்பாடா, பிழைத்தோம். இது கிட்டத்தட்ட தொழுநோய்க்குச் செய்கிற பரிசோதனையேதான். தோலில் வெளிறிய அல்லது செந்நிறத் தேமல், அந்த இடத்தில் தொடு உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொழுநோயை. கிருமி நரம்பைத் தாக்குவதால் வருகிற மரமரப்பு அது. விரல்கள் சேதமாவதும் சதை தானாக அழுகி அல்ல. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அந்தக் காயங்கள் கவனிப்பில்லாமல் போவதால்தான். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் நம் வேலூரில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட்.

ஆனால் மிச்சப் பாதி தப்பு. தொழுநோய் தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளாது. நம்மில் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு. மருந்து தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து பரவாது. நார்வே நாட்டு ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டது 1873-ல். கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-ல். இன்று நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டால் குணம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இதற்கு லேகியம், பஸ்பம் என்று நாளைக் கடத்தாதீர்கள். கிருமி நரம்பைத் தின்றுவிட்டால் திரும்ப வராது.

ஒதுக்கி வைத்த கதை மட்டும் கற்பனை இல்லை. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மொலகாய் என்ற தீவில் கலாபாபா என்று ஒரு முனை. 1866 முதல் 1969 வரை தொழுநோயாளிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். சுமார் எட்டாயிரம் பேர். நம் நாட்டில் வெள்ளைக்காரன் 1898-ல் போட்ட தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. நாவலாசிரியருக்குக் கல் மனிதர்களைக் கற்பனை செய்ய ரொம்பச் சிரமம் இருந்திருக்காது.

பெரியம்மை கட்சியும் முழுக்கத் தப்பில்லை. கதையில் ஷிரீன் என்ற சின்ன இளவரசிக்குக் குழந்தையாக இருக்கும்போதே இந்த நோய் வந்து, கன்னத்தில் தழும்போடு பிழைத்திருப்பாள். தொலைக்காட்சித் தொடரில் அதற்குக் காரணம் ஒரு பொம்மை. பெரியம்மை பொருக்கு ஒட்டிய துணிமணி வழியாகவும் பரவியது உண்மை. உலகத்தை விட்டே அது ஒழிந்ததாக 1980-ல் அறிவித்துவிட்டார்கள். நாவலில் இன்னொரு சங்கதி: ஷிரீனைப் பார்த்த ஒரு பெண், நோய் போகவில்லை, தூங்குகிறது, மறுபடி எழும் என்று பயப்படுவாள். ரசிகர்கள் இதை மூடநம்பிக்கை என்றும், இல்லை பின்னால் வரப்போகும் கதைக்கு அச்சாரம் என்றும் சண்டை போடுகிறார்கள். தூங்கி எழுகிற நோய் நிஜத்தில் உண்டு, ஐயா! சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் பல வருஷம் தூங்கிக் கிடந்து, வயதான காலத்தில் எழுந்து ஒரு பக்கமாகக் கொப்புளம் போடுவதைத்தானே நாம் 'அக்கி' என்கிறோம். முகத்திலோ கண் பக்கமோ அக்கி வந்தால் காவி பூசி எழுதிக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். பார்வை விஷயம்.

இப்போது சோரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்போம்.

தொடரின் ஏழாவது சீசனில் (2017) ஒரு காட்சி வருகிறது. ஜோரா என்ற வீரனுக்கு நோய் கையில் தொடங்கி மார்பு வரை பரவிவிடும். பெரிய வைத்தியர் கைவிட்டுவிடுவார். சாம் என்ற மாணவன், பழைய சுவடி ஒன்றில் படித்ததை நம்பி, ராத்திரியோடு ராத்திரியாக ஜோராவுக்குக் குடிக்க ரம் கொடுத்து, இறுகிய தோலைக் கத்தியால் உரித்து உரித்து எடுத்து, ஒரு களிம்பு தடவுவான். நோய் போய்விடும்! படித்த கட்சிக்காரர்களுக்கு இதில் வேறு கோபம். நாவலில் ஜோராவுக்கு நோயே வராது. டிரியனைக் காப்பாற்றப் போய் ஜான் கானிங்டன் என்ற வேறொருவருக்கு வரும். அவர்கள் கவலை அவர்களுக்கு. என் கவலை வேறு.

என்னிடம் ஒரு கல்லூரி மாணவன் வந்தான். முழங்கை, முழங்கால் எல்லாம் ரத்தக் கோடுகள். கூட வந்த அம்மா, "எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கறான் டாக்டர், குளிக்கப் போனா ஒரு மணி நேரம்" என்றார். பையனைத் தனியே கேட்டேன். ஹாஸ்டலில் எல்லோரும் சேர்ந்து இந்தத் தொடரைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு இவனுக்குக் 'கல் மனுஷன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தட்டை, டம்ளரைத் தனியாக வைக்க ஆரம்பித்தான் ஒருவன். இவன் என்ன செய்தான் தெரியுமா? கால் தேய்க்கிற கல்லை வாங்கி, செதிலைத் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று இறங்கிவிட்டான். "உரிச்சா போயிடும்னு நெனச்சேன் சார்" என்றான் தலையைக் குனிந்தபடி. "தம்பி, அது சினிமாக்காரன் செய்த மேக்கப்பு. அவனுக்கு உரிச்சா போகும், உனக்குப் போகாது" என்றேன்.

ஏன் போகாது? நம் தோல் தினமும் புதுப்பித்துக்கொள்கிற வஸ்து. அடியில் பிறக்கிற செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாறுமாறாகத் தூண்டப்பட்டு, அதே வேலை மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளிச் செதிலாக நிற்கின்றன. அதாவது கோளாறு அடியில். நீங்கள் மேலே இருப்பதைச் சுரண்டினால் சிறு சிறு புள்ளியாக ரத்தம் கசியும், அவ்வளவே. அதைவிட மோசம், காயம் பட்ட இடத்தில் புதிதாகவே படை கிளம்பும். கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பையனின் முழங்கையில் கல்லால் இழுத்த கோட்டிலேயே வரிசையாகப் படை எழுந்திருந்தது. ஜோராவுக்குச் செய்த மாதிரி அரை உடம்புத் தோலை உரித்தால் தீக்காயக்காரர் கதிதான்: நீர் வற்றும், சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்து.

அடுத்து, இது ஒட்டுவாரொட்டி இல்லை. கை குலுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே சோப்பு போடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்தக் குழப்பத்துக்கு எங்கள் ஏடுகளுக்கும் பங்கு உண்டு. குட்டம் பதினெட்டு வகை என்று கல்லூரியில் படித்தோம். அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த தோல் மாற்றங்களை எல்லாம் ஒரே பெயருக்குள் அடக்கினார்கள். வெறும் நிறமிழப்பான வெண்புள்ளிக்குக்கூட 'வெண்குட்டம்' என்று பெயர் வந்து, எத்தனை பெண்களின் கல்யாணம் நின்றது! ஐரோப்பாவிலும் இடைக்காலத்தில் இதே கதைதான். தோல் நோய்க்காரர்கள் பலர் தொழுநோய் முத்திரையோடு விடுதிகளில் அடைபட்டார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, இளஞ்சூட்டு நீரில் குளித்தால் செதில் தானாக இளகும். நாவலில் கொதிநீர்க் குளியல், கடுகுப் பற்று என்றெல்லாம் வைத்தியம் வரும், அந்தப் பக்கமே போகாதீர்கள். சித்த மருத்துவத்தில் வெளிப்பூச்சுக்கு வெட்பாலைத் தைலம் கொடுக்கிறோம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும், அதுதான். பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் ஒரே ராத்திரியில் அல்ல, மாதக்கணக்கில். அடங்கும், மறுபடி தலை காட்டும், மறுபடி அடக்க வேண்டும். 'வேரோடு ஒழிப்போம்' என்று விளம்பரம் செய்கிறவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நோய் இரண்டு மடங்காகச் சீறும். ஏற்கெனவே ஆங்கில மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நானாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். மூட்டு வலியும் வீக்கமும் சேர்ந்து வந்தால் மூட்டு வைத்தியரையும் பார்த்தாக வேண்டும். தோலோடு நிற்காமல் மூட்டைப் பிடிக்கிற வகை அது.

இடையில் ஒரு சின்ன விஷயம். தொடரில் யாருக்கு அடிபட்டாலும் 'கசகசாப் பால்' கொடுப்பார்களே, அது கற்பனை மருந்து இல்லை. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். குருமாவில் அரைக்கிற விதையால் பயமில்லை. ஆனால் துபாய்க்குப் போகிற மருமகனிடம் மசாலாவோடு கசகசாவைக் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அங்கே அதற்குத் தடை. ஜெயில் வரைக்கும் போகும்.

நாவலின் அந்த ஜான் கானிங்டனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைக்காட்சித் தொடரில் அவரே கிடையாது. விரல் நகம் கறுத்து, தோல் இறுகுவது தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கையுறை போட்டு மறைத்துக்கொள்கிறார். தெரிந்தால் கூட இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். டிராகனைவிட இந்த மனிதர்தான் எனக்கு நிஜமாகத் தெரிகிறார். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வருகிறவர்கள், வளையல் அடுக்கி முழங்கை வரை மறைக்கிறவர்கள் வாரம் இரண்டு பேராவது என் முன்னால் உட்காருகிறார்கள். வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், "ஒரு மூணு வருஷம் இருக்கும் டாக்டர்" என்பார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படித் தேமலோ படையோ இருந்தால் முதலில் செய்யக்கூடியது இது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பேனா முனையால், கத்தியெல்லாம் வேண்டாம், லேசாக அந்த இடத்தையும் பக்கத்தில் நல்ல தோலையும் மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். தெரியவில்லை என்றாலோ, சரியாகச் சொல்ல முடியவில்லை என்றாலோ அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தெரிகிறது என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடாமல் ஒரு தோல் மருத்துவரையோ, பட்டம் பெற்ற சித்த மருத்துவரையோ பாருங்கள். டம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைக்க வேண்டாம்.