மருந்து அடிச்சும் உண்ணி போகலையா? மாட்டு மேல மட்டும் தேடாதீங்க!

ஊர்ல மாடு வெச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இந்த வாட்ஸ்அப் மெசேஜ் புதுசில்லை. மடியில் கொத்தா ஒட்டியிருக்கும் உண்ணியின் போட்டோ, கூடவே அம்மாவின் வாய்ஸ் நோட்: "போன மாசம்தான் மருந்து அடிச்சோம், திரும்பவும் ஏறிடுச்சு. போன்ல பார்த்து வேற நல்ல மருந்தா சொல்லு."

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சி மாதிரியான ஊர்களில் இது பெரிய தலைவலி. மலையோரப் புதர், கரட்டுப் புல், நடுவில் விட்டுவிட்டு மழை என உண்ணிக்கு வேண்டியதெல்லாம் இருக்கு. கட்டுத்தறியில் நிற்பதோ பெரும்பாலும் ஜெர்சி கலப்பு மாடு. நாட்டு மாட்டுத் தோலில் உண்ணி அவ்வளவு சுலபமா தங்காது. கலப்பு மாட்டுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு. ரத்தம் போவது ஒரு பக்கம். தைலேரியா, பபீசியா, அனாபிளாஸ்மா என்று உண்ணி கொண்டுவரும் நோய்கள் இன்னொரு பக்கம். நல்ல காய்ச்சலோடு மாடு காபி நிறத்தில் சிறுநீர் கழித்தால் பபீசியாவாக இருக்கலாம். அப்போ யூடியூப் பார்த்துட்டு இருக்காம, உடனே டாக்டரைக் கூப்பிடணும். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

சரி, கடையில் விற்கும் மருந்து வேலை செய்யுதா, இல்லையா? செய்யுது. டெல்டாமெத்ரினோ அமிட்ராஸோ, சரியான அளவில் கலந்து, மாடு முழுக்க நனையுற மாதிரி அடித்தால் மேலே இருக்கும் உண்ணியில் பெரும்பகுதி செத்துவிழும். சிக்கல் என்னன்னா, உண்ணிக் கூட்டத்தில் மாட்டின் மேல் இருப்பதே கொஞ்சம்தான். நூறில் சுமார் ஐந்து என்பது பொதுவான கணக்கு. மிச்சமெல்லாம் முட்டையாகவும் குஞ்சாகவும் புல்லிலும் தொழுவத்திலும் கிடக்கும்.

மாட்டு உண்ணிகளில் முக்கியமான வகை, குஞ்சாக மாட்டில் ஏறி சுமார் 3 வாரம் அங்கேயே வளரும். ரத்தம் குடித்து கொட்டமுத்து சைஸுக்கு உப்பின பெண் உண்ணி கீழே விழுந்து 2,000 முதல் 3,000 முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். (லத்தீனில் 'ரிசினஸ்' என்றால் உண்ணி. ஆமணக்கு விதை உண்ணி மாதிரியே இருக்கிறதால அந்தச் செடிக்கும் அதே பேரை வெச்சுட்டாங்க!) பொரிந்து வரும் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நீங்க மருந்து அடிச்ச மாடு மறுநாள் அதே புல்லில்தான் மேயுது.

அதனால 'மருந்து கேட்கலை' என்று சொல்வதற்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. அடித்து இரண்டு, மூன்று நாள் ஆன பிறகும் பெரிசு, சிறிசு என எல்லா சைஸிலும் உயிரோடு இருந்தால் ஒன்று அடித்த விதம் தப்பு, அல்லது மருந்தை உண்ணி தாங்கப் பழகிவிட்டது. முதலில் சுத்தமாகிவிட்டு, அப்புறம் பொடிப்பொடியாகப் புதுசு ஏறினால் மருந்து வேலை செய்திருக்கிறது. தரையிலிருந்து அடுத்த செட் வந்திருக்கு, அவ்வளவுதான். 15 முதல் 21 நாளில் திரும்ப அடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடிக்கும் விதத்தில்தான் அதிகம் கோட்டைவிடுறோம். 12.5% அமிட்ராஸை ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 மில்லி கலந்தால் 250 பிபிஎம் வரும். பாட்டில் மூடியில் குத்துமதிப்பா ஊத்தினா அது பாதியாகலாம், இரண்டு மடங்கும் ஆகலாம். பத்து ரூபாய் சிரிஞ்சு போதும் இதைச் சரிபண்ண. கலந்ததை அன்னைக்கே தீர்த்துடணும். நாளைக்கு என்று எடுத்துவைத்தால் அமிட்ராஸ் வீரியம் இழந்துடும். முதுகில் மட்டும் தெளித்தும் பிரயோஜனம் இல்லை. உண்ணி ஒளிவது காதுக்குள், அலைதாடியில், தொடையிடுக்கில், வால் அடியில், மடியில். சுவர் வெடிப்பில் பதுங்கும் வேறு வகை உண்ணியும் இருக்கு. அதனால தொழுவத்தின் வெடிப்புகளையும் சேர்த்தே கவனிக்கணும்.

பாதி டோஸ் ஏன் ஆபத்து? பலவீனமான உண்ணி சாகும், மருந்தைத் தாங்கிய உண்ணி முட்டை போடும். ஆஸ்திரேலியாவில் இது படம் மாதிரி நடந்தது. ஆர்செனிக் கரைசல் தொட்டியில் மாடுகளை முக்கி எடுத்தார்கள். 1930களில் உண்ணி அதைத் தாங்கப் பழகியது. அடுத்து டிடிடி, அப்புறம் ஆர்கனோபாஸ்பேட், அதுக்கப்புறம் இப்போ நாம அடிக்கிற வகை. ஒவ்வொன்றையும் உண்ணி ஜெயித்தது. இந்தியாவிலும் இசத்நகரில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உட்படப் பல ஆய்வகங்கள் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் கேட்காத உண்ணிகளைப் பல மாநிலங்களில் பதிவு செய்திருக்கின்றன.

இங்கேதான் ஆன்லைன் ஷாப்பிங் ஏமாத்தும். பிராண்டை மாத்தினா மருந்தை மாத்தினதா ஆகாது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃப்ளூமெத்ரின்... 'மெத்ரின்' என்று முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய உண்ணி மற்றதையும் தாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளை ஜூம் பண்ணிப் பாருங்க. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டுக்கு அடிக்கவே கூடாது.

'ஊசி போட்டா ஒரே வேலை' என்று ஐவர்மெக்டினைக் கேட்டு வாங்குறவங்களும் உண்டு. நல்ல மருந்துதான், அதன் கண்டுபிடிப்புக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கொழுப்பில் கரையும் அது பாலிலும் வெளியேறும், அதுவும் பல நாட்களுக்கு. கறவை மாட்டுக்கு டாக்டர் சொல்லாமல் போட்டுவிட்டு, அந்தப் பாலை சொசைட்டிக்கு ஊத்தினா, அதைக் குடிக்கிறது யாரோ ஒரு குழந்தை.

பேளுக்குறிச்சி சந்தை மளிகைச் சாமானுக்குப் பேர் போனது. பூண்டு, மஞ்சள், வசம்பு வாங்கி, வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலையோடு அரைத்து, ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் தெளிக்கும் முறையைத் தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்குது. லேசாக ஏறியிருக்கும்போது தாராளமா செய்யலாம். மடி கறுக்கும் அளவுக்கு ஏறிய மாட்டுக்கு இதை மட்டும் நம்பச் சொல்லி என்னால எழுத முடியாது.

மருந்து அடிப்பவர் கையுறை, மாஸ்க் போட்டு, காத்து வீசும் திசைக்கு முதுகு காட்டி நிற்கணும். தீவனத்தொட்டியை முதலில் ஒதுக்கணும், பால் பீச்சும் முன்னாடி மடியைக் கழுவணும். ஸ்பிரேயரைக் குளத்தில் அலசினால் மீன் செத்து மிதக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் உண்ணி அசையலைன்னா, உயிரோடு இருக்கும் உப்பின உண்ணிகள் சிலதைக் காத்துப்போற மாதிரி ஓட்டை போட்ட டப்பாவில் போட்டு, அடித்த மருந்தின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கிட்டு கால்நடை டாக்டரிடம் போங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பேளுக்குறிச்சிக்குத் தூரமில்லை. ஆய்வகத்தில் உண்ணியை மருந்தில் சில நிமிஷம் முக்கி எடுத்து, எத்தனை செத்தது, பிழைத்தது எவ்வளவு முட்டை போட்டது என்று தண்ணியில் முக்கியதோடு ஒப்பிடுவார்கள். எந்த மருந்து கேட்குது, எது கேட்கலை என்பது அதில் தெரிந்துவிடும்.