வாடிய இலை தாகத்தின் அடையாளமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை அடுத்த ஓசூர்ப் பீடபூமியில் அமைந்த ஊர் கெலமங்கலம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் அல்லவா? அதனால் சமவெளியைவிட இங்கே இரவுகள் குளிர்ச்சியானவை. ஆயினும் சித்திரை வெயில் இவ்வூர்த் தோட்டங்களையும் விட்டுவைப்பதில்லை. இத்தகைய ஊரின் வீட்டுத் தோட்டம் ஒன்றை நடுக்கோடையில் சுற்றிப் பார்ப்போம்.

நண்பகல் வேளை. பூசணிக் கொடியின் அகன்ற இலைகள் துவண்டு தொங்குகின்றன. உடனே குடத்தைத் தூக்கலாமா? பொறுங்கள்! வேரருகே 5 செ.மீ. ஆழம் விரலால் கிளறிப் பாருங்கள். பல நாட்களில் அங்கே ஈரம் இருக்கும். ஈரம் இருந்தும் இலை ஏன் வாடுகிறது?

வேர் உறிஞ்சும் நீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலைத்துளைகளின் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். இதுவே இலையைக் குளிர்விக்கிறது. உச்சி வெயிலில் செலவு மிகுந்து வரவு குறைகிறது. செல்கள் விறைப்பை இழக்க, இலை துவள்கிறது. துளைகளும் மூடிக்கொள்ளத் தொடங்குகின்றன. வெயில் தணிந்ததும் வேர் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. மாலையில் இலை நிமிர்ந்து நிற்கும். ஆனால் விடியற்காலையிலும் இலை வாடியே இருந்து, மண்ணும் உலர்ந்திருந்தால், அதுதான் உண்மையான தாகம்.

வாழையின் வழி வேறு. அது இலையின் இரு பாதிகளையும் நடுநரம்பின் இருபுறமும் கீழே மடக்கி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மாமரமோ ஆழத்தில் இறங்கிய வேர்களால் அடிமண்ணின் ஈரத்தைத் தேடி எடுத்து, இந்தக் கோடையிலும் காய்களைப் பெருக்கச் செய்கிறது.

தக்காளியைப் பாருங்கள். பகலில் 35 டிகிரிக்கு மேல் ஏறி, இரவிலும் வெப்பம் தணியாத இடங்களில் மகரந்தம் கெட்டுப் பூக்கள் உதிரும். குளிர்ந்த இரவு அந்த இழப்பைக் குறைக்கிறது. எனினும் தக்காளிக்கு நீர் ஒரே சீராகக் கிடைக்க வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு, ஒரே நாளில் வெள்ளமாக ஊற்றினால், நீருடன் செல்லும் கால்சியம் காய்க்குச் சரிவரச் சேராது. காயின் அடிநுனி கறுத்து அழுகும். திடீர்க் கோடை மழையில் பழம் வெடிப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

அளவுக்கு மிஞ்சிய நீரும் ஆபத்தே. வேரும் சுவாசிக்கிறது, நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை மீண்டும் வாடும். வாடுகிறதே என்று மேலும் ஊற்றினால் செடியே அழுகிவிடும்! கிணறு வற்றும் கோடையில் நீரும் வீண்.

ஆகவே மண்ணைத் தொட்டுப் பார்த்தபின் நீர் ஊற்றுங்கள். அதிகாலையில் ஊற்றினால் ஆவியாகும் இழப்பு குறைவு. செடியடியில் காய்ந்த சருகுகளைப் பரப்பினால் ஈரம் நெடுநேரம் தங்கும்.

ஒரு சோதனையும் செய்யலாம். காலையில் ஒரு கிளையின் இலைகளைத் தெளிவான பாலிதீன் பையால் மூடிக் கட்டுங்கள். சில மணி நேரத்தில் பையின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருக்கும். அது இலை செலவிட்ட நீர். வேர் மண்ணிலிருந்து எடுத்ததும் அதையே.