எடை மெஷின் கேட்காத கேள்வி

1950, 60களில் அமெரிக்காவில் உடல் பருமனுக்காக டாக்டரிடம் போனால் முதல் வேலை எடை மெஷினில் ஏறுவதுதான். முள் நின்ற இடத்தைப் பார்த்ததுமே வாயைக் கட்டச் சொல்வார்கள். எடை குறைப்பதற்கென்றே நடந்த கிளினிக்குகளில் கலர் கலராக மாத்திரை கிடைக்கும். பசியை அடக்க ஆம்ஃபெட்டமின், கூடவே தைராய்டு ஹார்மோன், சிறுநீரைப் பெருக்கும் மருந்து, பேதி மருந்து. பலருக்குத் தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது. சிலருக்கு உயிரே போனது.

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, பசியே இல்லாமல், வயிறு வலித்தும் நிறுத்த முடியாமல் தின்று, காலிப் பாக்கெட்டுகளைக் குப்பைக்கு அடியில் ஒளித்துவைக்கும் அவஸ்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1959-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மனநல மருத்துவர் அதைக் கவனித்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டதோ 2013-இல். அதற்குள் எத்தனை பேர் தங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லையென்று நொந்தே காலம் தள்ளியிருப்பார்கள்!

இடையில் வந்த எடைக்குறைப்பு மாத்திரைகளும் நிலைக்கவில்லை. இதய வால்வைக் கெடுத்த ஃபென்ஃப்ளூரமின் 1997-இலும், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டிய சிபுட்ரமின் 2010-இலும் அமெரிக்கச் சந்தையைவிட்டுப் போயின.

இன்று விவரம் தெரிந்த டாக்டர் வேறு கணக்குக் கேட்கிறார்: வாரத்தில் எத்தனை நாள் கட்டுப்பாடு கைமீறுகிறது? மூன்று மாதமாக, வாரம் ஒரு முறையாவது அப்படி நடந்தால் நோய் என்று சந்தேகிக்கிறார். 2015-இல் இந்த நோய்க்கென்றே முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினும் ஆம்ஃபெட்டமின் குடும்பம்தான். ஆனால் அதன் பலனை அளந்தது எடையை வைத்து அல்ல, அப்படித் தின்ற நாட்கள் எத்தனை குறைந்தன என்பதை வைத்து. எடை குறைக்க இதைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது. இதய நோயாளிகளுக்கு இந்த மருந்து ஆகாது. அடிமையாகும் அபாயமும் உண்டு. வலிப்பு நோய்க்கான டோபிரமேட்டும் சிலருக்குக் கைகொடுக்கிறது. இன்னமும் முதலில் நாட வேண்டியது மனநல ஆலோசனைதான்.

எடை குறைக்கும் ஊசிகள் 2025-இல் நம்மூருக்கும் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடு போட்டவர்களில் சிலர், ஓயாத சாப்பாட்டு நினைப்பு அடங்கியது என்கிறார்கள். ஆனால் இந்த நோய்க்கென்று அதற்கு அனுமதி கிடையாது. ஊசி கேட்டுப் போகிறவர்கள் ராத்திரி நடப்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவராகக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.