பிறந்ததும் அழாத குழந்தை: ரத்தப் பரிசோதனை சொல்வது என்ன?



குழந்தை பிறந்தவுடன் அழவில்லை, மூச்சு விடச் சிரமப்படுகிறது என்றால் டாக்டர்கள் உடனே ரத்தம் எடுப்பார்கள். பிஹெச், லாக்டேட், கிரியாட்டினின் என்று வரும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே தவிக்கும். அதில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

பிரசவ நேரத்தில் குழந்தைக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைகிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் உடல் சர்க்கரையை எரிக்கும்போது லாக்டிக் அமிலம் சேரும். ரத்தத்தில் அமிலம் கூடினால் பிஹெச் எண் இறங்கும். தொப்புள்கொடி ரத்தத்தில் பெரும்பாலும் 7.2க்கு மேல் இருக்கும் இந்த எண், 7.0க்குக் கீழே போனால் பாதிப்பு கடுமையாக இருக்கலாம். லாக்டேட் எவ்வளவு ஏறியது என்பதோடு, சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதையும் டாக்டர்கள் கவனிப்பார்கள்.

ஆக்ஸிஜன் குறையும்போது உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அவை எவ்வளவு அடிபட்டன என்பதை கிரியாட்டினினும் கல்லீரல் என்சைம்களும் காட்டும். இதயத்தின் நிலையை ட்ரோபோனின் காட்டும். முதல் நாள் கிரியாட்டினின் பெரும்பாலும் தாயின் அளவையே பிரதிபலிக்கும். அதனால்தான் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.

ஆனால் எந்த ஒரு எண்ணும் குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்வதில்லை. விழிப்பு, கை கால்களின் இறுக்கம், பால் உறிஞ்சும் திறன், வலிப்பு இவற்றையெல்லாம் பார்த்துத்தான் பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பிரிக்கிறார்கள். இந்த முறை 1976 முதல் இருக்கிறது.

உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை மேலைநாடுகளில் பலன் தந்தது. அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்தார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. 2021இல் வெளியான முடிவின்படி, குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். காரணம் என்ன? 2024இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியக் குழந்தைகளின் ரத்தத்தை மேலைநாட்டுக் குழந்தைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டது. இங்குள்ள குழந்தைகளுக்குக் கருவிலேயே விட்டுவிட்டு ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. எந்தச் சிகிச்சை எந்தக் குழந்தைக்கு என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

• கர்ப்ப காலத்தில் ரத்தசோகை, ரத்த அழுத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

• பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனை எது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ எழும்பூருக்கோ போக நேரம் பிடிக்கும். அவசரத்துக்கு 108ஐ அழையுங்கள்.

• சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு தஹ்னீக் செய்ய டாக்டரின் அனுமதி வரட்டும். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

• வீடு திரும்பிய பிறகும் பார்வை, செவி, வளர்ச்சிப் பரிசோதனைகளுக்குக் கூட்டிச் செல்லுங்கள். எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

• பெற்ற தாயைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு அப்போது தேவை துணைதான்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன்.