விதியும் வேளையும்

ஓர் அமைப்பின் விதிகளை முற்றும் அறிந்தால் அதன் போக்கையும் அறிந்ததாகும் எனப் பலர் கருதுவர். விதியோடு அது செயற்படும் வேளையையும் அறிதல் வேண்டும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஒரு பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டங்களை நோக்கித் தன் நிலையை மாற்றிக்கொள்ளுமாறு விதி வகுப்பின், அக்கணித அமைப்பு ‘செல்லுலார் ஆட்டோமேட்டா’ எனப்படும். கட்டத் தன்னியங்கி எனலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலாமின் கருத்தைத் துணைக்கொண்டு வான் நியூமன் இதனை வகுத்தார்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ மார்கழி விடியலில் அடுத்தடுத்த இரு வாயில்களைக் கருதுவோம். நேற்று ஒன்றில் தாமரைக் கோலமும் மற்றதில் தேர்க் கோலமும் இருந்தன. அடுத்த வாயிலில் காண்பதைத் தன் வாயிலில் இடுதலே விதி. இருவரும் ஒருங்கே நோக்கி ஒருங்கே இடின், கோலங்கள் நாள்தோறும் இடம் மாறிக்கொண்டேயிருக்கும். தாமரை வீட்டார் முந்தின் அவர் தேரை இடுவர். பின்னவரும் அத்தேரையே கண்டு இடுவர். தேர் வீட்டார் முந்தின் இரண்டும் தாமரையாகும். அதன்பின் மாற்றமில்லை. விதி ஒன்று, முடிபு மூன்று. ஒருங்கு நிகழ்வில் யாவரும் பழைய நிலையையே நோக்குகின்றனர். முறை நிகழ்விலோ முன்னவர் செய்த புதுமை பின்னவர்க்கு அடிப்படையாகின்றது.

இவ்வேறுபாடு அறிஞரையும் மயக்கியதுண்டு. 1992இல் நோவாக், மே என்போர் ஒத்துழைப்போரும் வஞ்சிப்போரும் கட்டப்பரப்பில் ஆடும் ஆட்டத்தை ஆராய்ந்தனர். ஒருங்கு மாற்றத்தில் இருசாராரும் நிலைத்து, ஓயாது மாறும் வடிவங்கள் தோன்றின. 1993இல் ஹியூபர்மன், கிளான்ஸ் என்போர் அதனையே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது ஒத்துழைப்பு அழிந்தது. வேறு அளவுகளில் முறை மாற்றத்திலும் அது நிலைத்தலை நோவாக் முதலியோர் 1994இல் காட்டினர். ஆதலின், வேளையைச் சுட்டாத முடிபு நிறைவுடையதன்று.

கோலத்திற்கு இலக்கணம் காண்டல் நமக்குப் புதிதன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் அப்பணியைச் செய்தனர். மொழியிலக்கணத்திலும் இவ்வுண்மை விளங்குகின்றது. மரம் + அடி = மரவடி என்பதில் ஈற்று மகரம் கெடுதல் ஒரு விதி; உயிரீற்றின்முன் உயிர்வர உடம்படுமெய் தோன்றுதல் மற்றொன்று. மகரம் கெட்ட பின்னரே ‘மர’ என்பது உயிரீறாகி வகரத்திற்கு இடந்தருகின்றது. இரண்டும் தொடக்க வடிவை நோக்கி ஒருங்கே செயற்படின், உடம்படுமெய் விதி மகர ஈற்றையே கண்டு வாளாவிருக்கும். ‘மர அடி’ என விட்டிசைத்து நிற்கும். மகர ஈறு ஒற்றழிந்து உயிரீற்றை ஒக்கும் என நன்னூலார் கூறியது இம்முறையைப் புலப்படுத்துகின்றது.

எனவே, புணர்ச்சி விதிகளைக் கணிப்பொறிக்கு உரைக்கப் புகுவோர் விதிகளை மட்டுமன்றி அவற்றின் முறைவைப்பையும் உரைத்தல் கடனாகும்.