மாணவ ஆசிரியரின் தொழில்முறை நடத்தை

ஆசிரியர் கல்விப் படிப்பின் ஒரு பகுதியாகப் பள்ளிக்குச் சென்று கற்பித்துப் பழகுபவர் மாணவ ஆசிரியர் எனப்படுகிறார். பயிற்சி ஆசிரியர் என்றும் அழைப்பர். பயிற்சிக் காலத்தில் மாணவர்களிடமும் வழிகாட்டி ஆசிரியரிடமும் பள்ளியிடமும் அவர் நடந்துகொள்ள வேண்டிய முறையே அவரது தொழில்முறை நடத்தை ஆகும்.

அவருடைய நிலை இரட்டைத் தன்மை கொண்டது. கல்லூரிக்கு அவர் மாணவர். வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அவர் ஆசிரியர். வகுப்பை நடத்தும் உரிமை அவருக்குத் தற்காலிகமாகத் தரப்படுகிறது. ஆனால் குழந்தைகளின் பாதுகாப்பையும் மதிப்பையும் காக்கும் கடமை அவருக்கு முழுமையாகவே உண்டு. இக்கட்டுரை தமிழ்நாட்டில் பி.எட். பயில்வோரின் சூழலை அடிப்படையாகக் கொண்டது.

பயிற்சிக் காலம்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. அவற்றின்படி பள்ளிப் பயிற்சி குறைந்தது 20 வாரங்கள்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. பிற பாடப் பணிகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கோ 90 விழுக்காடு தேவை. வழக்கமான ஆசிரியர் ஒருவரின் வகுப்பை உற்றுநோக்குவதற்கும் இக்காலத்தில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. வகுப்பின் பழக்கங்களை அறிந்த பின்னரே அதை நடத்த வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வழிகாட்டி ஆசிரியருடன் உறவு

பாடக்குறிப்பை முன்னதாகவே எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் ஒப்புதல் பெற வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு முன்பே பள்ளியில் இருக்க வேண்டும். வர இயலாத நாளில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் தகவல் தர வேண்டும். இல்லையெனில் ஒரு வகுப்பு ஆசிரியரின்றி நிற்கும்.

வழிகாட்டி ஆசிரியர் பாடத்தில் ஏதேனும் தவறாகச் சொன்னால், மாணவர் முன்னிலையில் திருத்தாமல் பின்னர் தனியாகக் கேட்பது முறை. ஓய்வறையில் கேட்ட பேச்சைக் கல்லூரியிலும், கல்லூரியில் பேசியதைப் பள்ளியிலும் பரப்பலாகாது.

தண்டனை

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 17 ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்பதால், மேல்வகுப்பு மாணவரை அடிக்கலாம் என்று பொருளாகாது. முட்டி போடச் செய்வது, பட்டப்பெயர் சொல்லி அழைப்பது, மதிப்பெண்ணைச் சொல்லிக் கேலி செய்வது ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டியவை.

வகுப்பு அடங்காதபோது வழிகாட்டி ஆசிரியரே பிரம்பை எடுத்துக் கொடுக்கும் சூழல் வரலாம். அவர் தரும் மதிப்பீடு பயிற்சி மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்ற அச்சம் மாணவ ஆசிரியருக்கு இயல்பானது. "கல்லூரியில் அதற்கு அனுமதி இல்லை சார், வேறு வழியில் முயன்று பார்க்கிறேன்" என்று பணிவாக மறுக்கலாம். துன்புறுத்தல் தொடர்வதைக் கண்டால், கண்ட நாளையும் நிகழ்வையும் மட்டும் எழுதி, தலைமை ஆசிரியரிடமோ கல்லூரியின் மேற்பார்வைப் பேராசிரியரிடமோ தெரிவிக்க வேண்டும்.

தகவல்களைக் காத்தல்

தனியாள் ஆய்வு, அடைவுச் சோதனை போன்ற பதிவேடுகளை எழுதும்போது குழந்தைகளின் குடும்பம், உடல்நலம், மதிப்பெண் பற்றிய செய்திகள் கைக்கு வருகின்றன. தனியாள் ஆய்வில் உண்மைப் பெயரைத் தவிர்த்து 'மாணவர் அ' என எழுதுவது நல்லது. பெயரை மட்டும் மறைத்து, ஊர், வகுப்பு, பெற்றோர் தொழில் ஆகியவற்றை விரிவாகத் தந்தால் அக்குழந்தையை எளிதில் அடையாளம் காண முடியும்.

வகுப்பில் எடுத்த படங்களை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைக்கக் கூடாது. பதிவேட்டிற்குப் படம் தேவையெனில் தலைமை ஆசிரியரின் அனுமதி பெற வேண்டும். மாணவர்களுடன் தனிப்பட்ட குறுஞ்செய்தித் தொடர்பும் சமூக ஊடக நட்பும் ஏற்றவையல்ல. வயதில் நெருக்கமாக உள்ள பிளஸ் 2 மாணவர்களிடம் இந்த எல்லை மிக முக்கியம்.

சாதி சார்ந்த நடத்தை

நாங்குநேரியில் 2023 இல் பள்ளி மாணவர் தாக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக் கூடாது என்றும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. மாணவ ஆசிரியர் எவரிடமும் சாதியைக் கேட்கலாகாது. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கலாகாது.

குழந்தை துன்பத்தைச் சொன்னால்

புதிதாக வந்த இளம் ஆசிரியரிடம் குழந்தைகள் மனம் திறந்து பேசுவதுண்டு. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. குறுக்குக் கேள்வி கேட்காமல் பொறுமையாகக் கேட்டு, சொன்னதை அதே சொற்களில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாலியல் குற்றமாயின், போக்சோ சட்டம், 2012 இன் 19 ஆம் பிரிவின்படி அதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது 21 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 'எவரும்' என்பதில் மாணவ ஆசிரியரும் அடங்குவார். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டதால் மட்டும் இக்கடமை முடிந்துவிடாது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கு அச்சட்டம் பாதுகாப்பும் அளிக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

வகுப்பைத் திருப்பி ஒப்படைத்தல்

பயிற்சி முடியும்போது திருத்திய குறிப்பேடுகளையும் வாங்கிய துணைக்கருவிகளையும் திருப்பித் தர வேண்டும். எந்தப் பாடம் எதுவரை நடந்தது, எந்த மாணவருக்கு எது புரியவில்லை என்பதை வழிகாட்டி ஆசிரியருக்கு எழுதித் தருவது பயனுள்ளது. மாணவ ஆசிரியர் சென்ற மறுநாளும் அக்குழந்தைகளுக்கு வகுப்பு தடையின்றித் தொடர இக்குறிப்பு உதவும்.